ஐ.சி.யூ.விலிருந்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்: ஸ்பீச் தெரபிஸ்ட்டின் பணி

ஐ.சி.யூ.விலிருந்து வீடு திரும்பிய வாப்பாவுக்குத் தொண்டை வறண்டிருக்குமே என்று ஒரு தம்ளர் தண்ணீர் புகட்டுவோம். அதுவே அவருக்கு ஆபத்தாக முடியலாம்.

2020, 2021 கொரோனா அலைகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பலர், வாய்வழியே குழாய் செலுத்தப்பட்டு நாட்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தார்கள். அந்தக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே செல்கிறது. அதை எடுத்த பிறகும் தொண்டையில் புண்ணும் வீக்கமும் இருக்கலாம், தசைகள் தளர்ந்திருக்கும். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. மூச்சுத்திணறல் உள்ளவருக்கு இந்த ஒழுங்கு தவறி, உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரலாம். சிலருக்குத் தொண்டையில் உணர்வு மங்கிவிடுவதால் இருமல்கூட வராது. புரையேறவில்லையே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

இதைக் கண்டறிபவர் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்குவாய்க்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் மட்டும் உரியவர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் பேசவும் விழுங்கவும் பயன்படும் நாக்கும் தொண்டையும் ஒன்றுதானே! மூக்கு வழியே கேமரா செலுத்திப் பார்க்கும் சோதனை, இருமலில் கிருமி பரவும் என்ற அச்சத்தால் பெருந்தொற்றின் தொடக்கத்தில் பல இடங்களில் குறைக்கப்பட்டது. கவச உடையோடு படுக்கையருகே நின்று, ஒரு கரண்டி கொடுத்து, தொண்டை அசைவையும் குரலையும் கவனித்தே அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

உணவின் பதத்தை உலக அளவில் 0 முதல் 7 வரை பிரித்திருக்கிறார்கள். தண்ணீர் 0, நாம் உண்ணும் வழக்கமான உணவு 7. தண்ணீர் வேகமாக ஓடிவிடும் என்பதால் சிலருக்குக் கெட்டியாக்கிய பானமே முதலில் தரப்படும். நோன்புக் கஞ்சி இதமானதுதானே என்று கொடுத்துவிடாதீர்கள். பருக்கையை மெல்லும்போதே அதிலுள்ள நீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். அரைத்துக் கொடுக்கலாமா என்பதையும் சோதித்தவரிடமே கேளுங்கள்.

தண்ணீர் அனுமதிக்கப்பட்டிருந்தாலும் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு மிடறுகளாகக் கொடுங்கள். உட்கார்ந்து மூன்று மூச்சில் பருகுவது நமக்குப் பழக்கமான சுன்னத்துதான். சாப்பிட்டதும் குரல் களகளவென்று மாறினாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே, விழுங்கும் சோதனை நடந்ததா, எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.