பாம்பன் வாயிலும் பருவக் கலங்களும்

பாலம் என்றவுடன் இரு கரைகளை இணைப்பது என்றே நாம் கருதுகிறோம். கலம் செலுத்துவோனுக்கோ அது நீர்வழியின் குறுக்கே நிற்கும் கதவு. நேயர்களே, இவ்விரண்டு உண்மைகளும் ஒருங்கே விளங்கும் இடம் பாம்பன் கால்வாய்.

மன்னார் வளைகுடாவையும் பாக்கு நீரிணையையும் இணைக்கும் ஒடுங்கிய வழி அது. அதற்குக் கிழக்கே இராமர் அணையின் மணல்திட்டுகள் கலங்களுக்கு இடங்கொடா. பாம்பனை விட்டால் இலங்கையைச் சுற்றியே செல்லல் வேண்டும். நம் குற்றாலத்துக்குச் சாரல் கொணரும் தென்மேற்குக் காற்றே பாம்பனில் நீரோட்டத்தை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் அவ்வோட்டம் தெற்கே திரும்புகிறது. ஆகவே மாலுமிகள் காற்றும் ஓட்டமும் இசையும் நாளைப் பார்த்தே இவ்வழியைக் கடப்பர்.

1914 பிப்ரவரி 24-ஆம் நாள் இங்கே இரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறும் பயணிகளுக்கு அது பெரும் வசதியாயிற்று. எனினும் பாலத்தை வகுத்தோர் நீர்வழியை மறந்தாரல்லர். ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி நடுவே இரு இறக்கைகளை அமைத்தனர். தொழிலாளர்கள் நெம்புகோல்களைச் சுற்ற, அவை மேலெழுந்து வழிவிடும். சிறு படகுகள் பாலத்தின் கீழே நுழைந்து செல்லும். உயர்ந்த கலங்கள் திறப்பு நாளுக்காகக் காத்திருக்கும்.

1964 டிசம்பர்ப் புயல் பாலத்தின் பெரும்பகுதியைக் குலைத்தது. 46 நாட்களில் அது சீர்செய்யப்பட்டது. 2013 ஜனவரியில் காற்றில் அலைப்புண்ட கலம் ஒன்று பாலத்தில் மோதியதால் இரயில்கள் சில நாட்கள் நின்றன. கலங்கள் பாலத்தருகே காத்துக்கிடப்பது இரு வழிக்கும் ஆபத்து என்பதற்கு இது சான்று. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரம் செங்குத்தாக எழக்கூடியது.

கதவு எத்துணைச் சிறந்ததாயினும், அது மூடிக்கிடக்கும் நாள் மீனவருக்கு இழப்பே. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்கள். கரைவிட்டுக் கரை செல்லும் ஆழ்கடல் படகுகளுக்கு இவ்விரு தடைகளுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு வாரமும் ஊதியம். காத்திருக்கும் நாளிலும் படகின் கடனும் தொழிலாளர் உணவும் நிற்பதில்லை.

தென்காசியில் வாழும் எனக்கு அடைபட்ட வழியின் துன்பம் புதிதன்று. அகலப்பாதைப் பணிக்காகச் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010 முதல் 2018 வரை இரயில் ஓடவில்லை. ஆயினும் நமக்கு ஆரியங்காவுச் சாலை எஞ்சியிருந்தது. கடலோடிக்கு அத்தகைய மாற்றுச் சாலை இல்லை.

ஆதலின் பாலத்தைச் செப்பனிடும் நாளைக் குறிப்போர், இரயில் அட்டவணையோடு பருவக் காற்றின் அட்டவணையையும் எதிரே வைத்துக்கொள்ளல் வேண்டும். மூடும் நாளையும் திறக்கும் நாளையும் துறைதோறும் முன்னரே அறிவித்தல் வேண்டும். அதற்குச் செலவு சிறிது. அதனால் காக்கப்படும் பிழைப்போ பெரிது.