நகரும் உணரிகளும் சிக்கன மொழியும்

கணினி மொழிகளின் வரலாறு பெரும்பாலும் வசதிகள் பெருகிய வரலாறாகும். உணரிப்பொறிகளை ஆள எழுந்த நெஸ்சி மொழியோ மறுப்புகளால் வளர்ந்தது. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தாரும் இன்ரெல் ஆய்வாளரும் 2003இல் அதனை வெளியிட்டனர். அக்கால மைக்கா என்னும் பொறியின் தற்காலிக நினைவகம் 4 கிலோபைற்று மட்டுமே. ஆதலின், இயங்கும்போது புதிதாக நினைவிடங் கேட்கும் உரிமையை அம்மொழி மறுத்தது. செய்நிரல் முழுவதையும் முன்னரே ஆராய்ந்து, தரவு மோதல்களைத் தொகுப்பியே சுட்டுமாறு அமைத்தது. அம்மொழியில் எழுதப்பெற்ற ரைனி ஓ.எஸ். இயக்கமுறைமை, வேலையற்ற வேளையில் பொறியை உறங்கவைத்து மின்கலத்தைக் காத்தது.

இச்சிக்கனத்தின் தேவையைக் கொழும்பு வீதிகளிலுங் காணலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் காசுன் டி சொய்சா முதலியோர் 2007இல் ‘பஸ்நெற்’ திட்டத்தை வெளியிட்டனர். பஸ் வண்டியில் பொருத்திய உணரி, ஆர்முடுகலின் திடீர் மாற்றத்தால் வீதிக்குழியை அறியும். தொலைத்தொடர்புச் செலவின்றி, வண்டியே தரவைச் சுமந்து நிலையத்திற் சேர்ப்பிக்கும். ஓடும் வண்டியிலுள்ள பொறி இடைவழியில் நின்றுவிடின் அதனைத் திருத்துவார் யாவர்? பிழையைப் புறப்படுமுன்னரே தடுத்தல் வேண்டும். வசதி குறைந்த நாட்டு ஆய்வாளர்க்கு, வரையறை விதிக்கும் மொழியே உற்ற துணை எனல் பொருந்தும்.