மொன்றியலில் ஓர் ஐந்தாவது செற்

1976 யூலை 30. மொன்றியல் ஃபோரம் அரங்கில் ஒலிம்பிக் ஆண்கள் கரப்பந்தாட்ட இறுதி: போலந்தும் சோவியத் யூனியனும். மூன்று செற் முடிவில் சோவியத் அணி 2–1 என முன்னின்றது. அக்காலத்தில் சேர்விஸ் போடும் அணிக்கே புள்ளி, ஆட்டம் நீளும். ஹூபெர்ட் வாக்னெர் பயிற்றுவித்த போலந்து, நான்காவதை 19–17, ஐந்தாவதை 15–7 எனக் கைப்பற்றித் தங்கம் வென்றது.

ஒரு மாதத்துக்கு முன்னர்தான் விலையேற்றத்தை எதிர்த்த போலந்துத் தொழிலாளர்கள் ராடோம் நகரில் அடித்து ஒடுக்கப்பட்டிருந்தனர். சோவியத் படைகள் அந்நாட்டிலேயே நிலைகொண்டிருந்தன. இறுதிப் படையினர் வெளியேறியது 1993 இல்.

பதக்கம் எந்தப் படையையும் அகற்றவில்லை. ஆயினும் வலைக்கு இருபுறமும் ஆறு பேர்தான். வேறெங்கும் கிட்டாத அந்தச் சமநிலை, அடங்கிக் கிடந்த மக்களுக்குச் சிறிய விடயமல்ல. அது எமக்கும் விளங்கும்.