அக்ரான் விடுதியில் ஒரு தொலைபேசி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கேட்கும்போது எல்லோருமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பழைய வரலாற்று வாத்தியார் என்பதால், அந்தக் கூட்டங்கள் பிறந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதுவும் ஒருவர் முன்பின் தெரியாத ஊரில் இன்னொரு குடிநோயாளியைத் தேடிய கதைதான்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1840-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மதுக்கடையில் சேர்ந்து குடித்துக்கொண்டிருந்த ஆறு பேர் குடியை விடுவதென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாஷிங்டோனியர்கள் என்று பெயர். மேடையேறித் தங்கள் சொந்தக் கதையைச் சொன்னார்கள். ஊர் ஊராகப் பரவியது. 1842-ல் ஆபிரகாம் லிங்கனே அவர்கள் கூட்டத்தில் பேசினார். ஆனால் சில ஆண்டுகளிலேயே அரசியல் சண்டைகளில் சிக்கி அந்த இயக்கம் சிதறிப்போனது.

அடுத்தது 1935. நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் குடியை விட்டிருந்தார். ஐந்து மாதம் மற்ற குடிகாரர்களைத் திருத்த அலைந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. "ஆனால் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே" என்ற பொருளில் மனைவி லோயிஸ் சுட்டிக்காட்டினார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சில்க்வொர்த், "உபதேசத்தை நிறுத்துங்கள், இது நோய் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்" என்று யோசனை சொன்னார்.

மே மாதம் ஒரு கம்பெனி விவகாரமாக ஒஹையோ மாநிலத்து அக்ரான் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றது. சனிக்கிழமை, மேஃபிளவர் ஹோட்டல் முன்கூடம். கையில் காசு குறைவு, பேச ஆளில்லை, பக்கத்திலேயே மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும். பில் தொலைபேசிப் பக்கம் போனார். ஒரு பாதிரியார் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற அம்மையாரிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு குடிநோயாளியைத் தெரியும்: அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்.

மறுநாள் மாலை, பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு பாப் வந்தார். இருவரும் ஆறு மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். பில் அறிவுரை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அறிவுரை பாப் ஏற்கெனவே நிறையக் கேட்டிருந்தார். தன்னைப் போலவே குடித்துச் சீரழிந்த ஒருவர் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதும் அவர் உடனே மாறிவிடவில்லை. ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். 1935 ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்வார்கள். அந்த நாளையே ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

மூன்றாமவரையும் தொலைபேசியில்தான் பிடித்தார்கள். மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்டபோது, நர்ஸுகளை அடித்ததால் கட்டிலில் கட்டிவைக்கப்பட்ட ஒரு வக்கீல் இருப்பது தெரிந்தது. இதைச் சும்மா சொல்லவில்லை. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் டாக்டர், கூடவே கூட்டம்.

1939-ல் கிளீவ்லாந்து பத்திரிகை ஒன்றில் தொடர் கட்டுரை வந்தது. 1941-ல் ஒரு வார இதழில் பெரிய கட்டுரை வந்தது. ஏறத்தாழ 2,000 பேராக இருந்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆனார்கள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. நம் சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு என்று பலருக்கும் தெரியவைத்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டாலும் அந்த வட்டாரத்தில் நடக்கும் கூட்டங்களைச் சொல்வார்கள். பெரும்பாலும் தேவாலயக் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். இடத்தைப் பார்த்து மதம் மாற்றுவார்களோ என்று பயப்படவேண்டாம், எல்லா மதத்தாரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள். சந்தா இல்லை. முழுப்பெயர் சொல்லவேண்டாம். முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டும் வரலாம். ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஊர்க் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தெரிந்த முகம் இருக்குமோ என்று தயங்குபவர்கள் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிப் போகிறார்கள், அதிலும் தப்பில்லை.

அவர் வரமாட்டேன் என்றால்? அப்போதும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அதை 1951-ல் தொடங்கியவர்களில் ஒருவர், மேலே சொன்ன அதே லோயிஸ்.