‘அம்மா கூட்டிட்டுப் போகல’: ஞாயிறு கடனும் குழந்தையின் பாவ அறிவும்

புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பு அது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ஆத்தும சோதனைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாம் கட்டளைக்கு நேரே பென்சிலால் மெதுவாக எழுதினாள்: ‘மூணு வாரம் அம்மா பூசைக்குக் கூட்டிட்டுப் போகல.’ மறைக்கல்வி ஆசிரியை குனிந்து பார்த்தார். ரப்பரை வாங்கி அதை அழித்துவிட்டு, ‘மூன்று முறை பூசைக்குப் போகவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். “அடுத்தவங்க பாவத்த நாம சொல்லக் கூடாதும்மா, நம்ம பாவத்தத்தான் சொல்லணும்” என்றார். சிறுமி தாளைப் பார்த்தபடியே, “அப்போ அம்மாவுக்கும் பாவமா டீச்சர்?” என்று கேட்டாள். ஆசிரியை பதில் சொல்லாமல் அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். உதவிக்குச் சென்றிருந்த நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆசிரியை சொன்ன விதி சரியானது. பாவசங்கீர்த்தனத்தில் பிறர் குற்றத்தைப் பேசுவதற்கு இடமில்லை. ஆனால் ரப்பர் அழித்தது ஒரு வாக்கியத்தின் எழுவாயை. அம்மா இருந்த இடத்தில் ‘நான்’ வந்து உட்கார்ந்தது. அந்தச் சிறுமி செய்யாத ஒன்று அவளுடைய பாவக் கணக்கில் ஏறியது. ஞாயிறு கடனின் கனத்தைக் குறைக்காமலேயே இந்தப் பிழையைத் தவிர்க்க முடியும் என்பதும், தவிர்க்காவிட்டால் பாவம் என்றால் என்ன என்பதையே பிள்ளைகள் தவறாகக் கற்பார்கள் என்பதும் என் வாதம்.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தொகுப்பின் 1247-ஆம் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்கக் கடமைப்படுத்துகிறது. முந்தின நாள் மாலைத் திருப்பலியும் அந்தக் கடனை நிறைவேற்றும் என்கிறது 1248. திருஅவை இயற்றிய சட்டங்கள் ஏழு வயது நிறைந்து, போதிய அறிவுத் தெளிவும் உள்ளவர்களையே கட்டுப்படுத்தும் என்கிறது 11-ஆம் சட்டம். ஆகவே எட்டு வயதுச் சிறுமி சட்டத்துக்கு வெளியே நிற்பவள் அல்ல. கடன் அவளுக்கும் உண்டு. சிக்கல் அடுத்த படியில்தான் எழுகிறது. சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, மனம் பொருந்திய சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 1857). ஞாயிறு கடனைப் பற்றிப் பேசும் 2181-ஆம் எண்ணும் வேண்டுமென்றே தவறுவோரைத்தான் கனமான பாவம் செய்வோராகக் குறிக்கிறது. நோயும் கைக்குழந்தையைப் பராமரிப்பதும் விலக்குக்கான எடுத்துக்காட்டுகளாக அங்கேயே சொல்லப்பட்டிருக்கின்றன. (கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டு, அதையே பெரும் பாவமாக எண்ணிக் கலங்கும் இளந்தாய்கள் நம் பங்குகளில் ஏராளம். இந்த ஒரு வரியை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.)

பேருந்து ஏறத் தெரியாத பிள்ளை, அம்மா எழுந்தால்தான் எழும் பிள்ளை, அப்பா வண்டியை எடுத்தால்தான் கோயிலுக்குப் போகும் பிள்ளை: இவர்கள் தவறவிட்ட பூசையில் சம்மதம் எங்கே இருக்கிறது? கடன் இருக்கிறது, அறிவும் ஓரளவு இருக்கிறது. ஆனால் செயல் அவர்கள் கையில் இல்லை. செயல் இல்லாத இடத்தில் பாவத்தின் கனத்தை அளக்க எதுவுமில்லை.

இந்த வேறுபாட்டை விளக்க இறையியல் கலைச்சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளைகள் பேசும் தமிழே அதைச் செய்கிறது. ‘பூசையை விட்டுட்டேன்’ என்பது ஒன்று. ‘பூசை விட்டுப்போச்சு’ என்பது வேறொன்று. ‘கூட்டிட்டுப் போகல’ என்பது முற்றிலும் மூன்றாவது. முதல் வினையில் மனம் இருக்கிறது: போகலாம் என்று தெரிந்தும் டிவி முன்னால் உட்கார்ந்தவன் சொல்வது. இரண்டாவதில் நிகழ்ச்சி மட்டும் இருக்கிறது: காய்ச்சல், மழை, கண்ணயர்ந்த காலை. மூன்றாவதில் செய்பவர் வேறொருவர். எட்டு வயதுப் பிள்ளை இந்த மூன்றையும் ஒருபோதும் குழப்புவதில்லை. ஆத்தும சோதனைத் தாள்தான் மூன்றையும் ‘போகவில்லை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. அந்தத் தாளை அச்சிடுகிறவர்கள் வினைச்சொல்லைப் பற்றி ஒரு நாள் யோசித்தால் போதும்.

தமிழில் பாவசங்கீர்த்தனத்துக்கான நூல் புதிதன்று. கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான இரண்டே ஆண்டுகளில், அதைத் தமிழாக்கிய என்ரீக்கே என்ரீக்கசு அடிகளே தமிழில் ஒரு பாவசங்கீர்த்தன நூலை அச்சேற்றினார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தம் பாவத்தைத் தம் மொழியில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அதன் பின்னால் இருந்தது. சொந்த மொழியில் சொல்வது என்றால், தனக்கு நேர்ந்ததற்குப் பொருந்தும் வினையில் சொல்வதும் அதில் அடங்கும் என்றே நான் கொள்கிறேன்.

அந்தக் கரையிலிருந்தே என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் கிடைக்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், தாம் ஜெபங்களைக் கற்றுக்கொடுத்த சிறுவர்களைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறார். சிலை வணக்கத்தைக் கண்டால் அவர்கள் பெற்றோரையே கண்டித்தார்கள், ஓடிவந்து தம்மிடம் சொன்னார்கள் என்கிறார். பிள்ளையை வைத்துப் பெற்றோரைத் திருத்தும் முறை இது. இன்றும் பல பங்குகளில் இதன் மெல்லிய வடிவம் நடக்கிறது. “அப்பாவ அடுத்த வாரம் பூசைக்குக் கூட்டிட்டு வரணும், சரியா?” என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறோம். சவேரியாருக்குப் பலன் தந்தது நமக்கு ஏன் தராது என்று கேட்கலாம்.

சூழல் வேறு என்பதுதான் பதில். பரதவர் 1530-களின் நடுவில் தனித்தனி ஆள்களாகத் திருமுழுக்குப் பெறவில்லை. தலைவர்கள் முடிவெடுக்க, ஊர் ஊராக, சமூகமாகவே பெற்றார்கள். பெற்றோரைக் கண்டித்த சிறுவன் ஊர் முழுதும் ஏற்றுக்கொண்ட ஒன்றை ஊரின் குரலாக நின்று சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒரு துறையே நின்றது. இன்று நகரத்தில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் ஞாயிறு காலை எழும் சிறுமிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? இரவுப் பணி முடித்துவந்து தூங்கும் அம்மாவை எழுப்பி, ‘நீங்க பாவம் செய்றீங்க’ என்று சொல்லும் வேலையை எட்டு வயதுப் பிள்ளையிடம் தருவது அநியாயம். சொன்னால் அம்மாவுக்குத் தீர்ப்பிடுபவள் ஆகிறாள். சொல்லாவிட்டால் ஆசிரியைக்குப் பொய்யானவள் ஆகிறாள். நான்காம் கட்டளையையும் மூன்றாம் கட்டளையையும் அவள் மடியில் மோதவிடுகிறோம்.

பெற்றோரின் ஆன்ம நிலையைப் பற்றிப் பிள்ளை கேட்கும் கேள்விக்குத் திருஅவையிடம் தெளிவான பதில் இருக்கிறது. ஒரு செயல் கனமான தவறு என்று நாம் சொல்லலாம். அதைச் செய்தவர்மீது தீர்ப்பிடுவதைக் கடவுளின் நீதிக்கும் இரக்கத்துக்கும் விட்டுவிட வேண்டும் (எண் 1861). அறியாமை, அச்சம், பழக்கம் போன்றவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் (எண் 1735). இந்த வரிகள் வளர்ந்தோருக்கான நுணுக்கம் என்று எண்ணி நாம் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் இவற்றை அதிகம் தேவைப்படுபவள் அந்தச் சிறுமிதான். ‘அம்மாவுக்குப் பாவமா’ என்ற கேள்விக்கு, “ஞாயிறு பூசை பெரிய கடன்தான். அம்மாவோட மனசுல என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியாது. நீ அம்மாவுக்காக வேண்டிக்கோ” என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியங்கள். மூன்றும் திருஅவையின் போதனையை ஒட்டியவை.

இதற்கு நேர் எதிரான தீர்வு ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று ஞாயிறு கடனைப் பற்றியே பேசாமல் விடுவது, ‘சாவான பாவம்’ என்ற சொல்லை வகுப்பிலிருந்தே எடுத்துவிடுவது. இதை நான் ஏற்கவில்லை. 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் கண்டித்த கருத்துகளில், துர்மாதிரிகையும் அவமதிப்பும் இல்லாவிட்டால் திருநாள் கடன் சாவான பாவத்தின்கீழ்க் கட்டாயமாகாது என்பதும் ஒன்று. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விராவில் கூடிய சங்கம், நகரில் வாழ்ந்தும் மூன்று ஞாயிறு வராதவரைச் சிறிது காலம் விலக்கி வைக்கச் சொன்னது. வராதவரின் இடம் வெறுமையாக இருப்பதைச் சபை உணர்ந்தது என்பதற்கு அது சாட்சி. கடனைப் பற்றி மௌனம் காக்கும் வகுப்பு, உன் இடம் வெறுமையாக இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது என்று பிள்ளையிடம் சொல்கிறது.

எல்விராவை ஒட்டிய காலத்திலேயே, 304-இல், இன்றைய துனீசியாவில் இருந்த அபிதினே ஊர்க் கிறிஸ்தவர்கள் ஞாயிறு கூடுகைக்காகக் கைதானார்கள். குருவாகிய சத்துர்னினுசும் அவருடைய நான்கு பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். கடைசிப் பிள்ளை இலாரியானுஸ் சிறுவன். அப்பா கூட்டிவந்ததால் வந்த பிள்ளை என்று அவனை விட்டுவிடவே ஆளுநர் எண்ணியிருக்கக்கூடும். நம் சிறுமியின் வாக்கியத்தை அவனும் சொல்லியிருக்கலாம். தன் சொந்த விருப்பத்தோடுதான், அப்பாவோடும் சகோதரர்களோடும் கூடுகைக்கு வந்ததாக அவன் சொன்னான் என்கின்றன அந்த மறைசாட்சிகளின் நீதிமன்றக் குறிப்புகள். ‘சொந்த விருப்பம்’, ‘அப்பாவோடு’ என்ற இரண்டும் அவன் வாயில் ஒரே மூச்சில் வந்ததைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் விருப்பம் தகப்பனின் கையைப் பிடித்து நடந்தே சொந்த விருப்பமாகிறது. அந்தக் கை இல்லாத குழந்தையிடம் இலாரியானுசின் சொல்லை எதிர்பார்ப்பது, விதைக்காமல் அறுக்கப் போவது போன்றது.

ஆகவே கேள்வி பெற்றோரிடம் திரும்புகிறது. சொல்லாலும் நடத்தையாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை மற்ற எவரையும்விட முதலில் பெற்றோருடையது என்கிறது 774-ஆம் சட்டம். இடறலைப் பற்றிய போதனையும், கற்பிக்கும் பொறுப்பு உடையவர் தரும் இடறலே கூடுதல் கனமானது என்கிறது. இதைப் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டியவர்கள் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும். நாம் சொல்வதில்லை. கோயில் வாசல் வேப்பமரத்தடியில் பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும் தகப்பனை நாம் எல்லாரும் தாண்டித்தான் உள்ளே போகிறோம். சிலர் கலப்புத் திருமணம் செய்தவர்கள். சிலருக்குத் திருமணமே திருஅவையில் நடக்கவில்லை, நன்மை வாங்க முடியாது, அதனால் உள்ளே வரக் கூச்சம். நிச்சயமாகச் சிலருக்கு அசட்டை. இவர்கள் எல்லாருக்கும் ஒரே சொல்லைச் சொல்ல முடியாது. பிள்ளை வழியாகச் சொல்லியனுப்பினால் அந்த ஒரே சொல்தான் போய்ச் சேரும்.

குழந்தைகளோடு நிறைவேற்றும் திருப்பலிகளுக்காக 1973-இல் வந்த நெறிமுறை நூல் இதை முன்பே யோசித்திருக்கிறது. விசுவாசத்தில் தளர்ந்த பெற்றோரும் தம் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாக வளர வேண்டும் என்று விரும்பினால், நன்றி சொல்லுதல், மன்னித்தல் போன்ற மனிதப் பண்புகளையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கவும், பெற்றோர் கூட்டங்களுக்கும் திருப்பலி அல்லாத வழிபாடுகளுக்கும் வரவும் அவர்களைத் தூண்ட வேண்டும் என்கிறது. பூசைக்கு வராத தகப்பனைப் பூசைக்கு வெளியே ஓரிடத்தில் முதலில் சந்திக்கச் சொல்கிறது. வேப்பமரத்தடி அப்படிப்பட்ட இடம்தான்.

வயது ஏற ஏற இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று வயதில் டியூஷனுக்குத் தனியாக சைக்கிளில் போகிற பையன், அதே தெருவில் இருக்கும் கோயிலுக்குப் போகாததற்கு ‘கூட்டிட்டுப் போகல’ என்று சொல்ல முடியாது. அவன் ‘விட்டுட்டேன்’ என்ற வினைக்கு வளர்ந்துவிட்டான். அதை அவனிடம் மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஆனால் எட்டு வயதில் செய்யாத பாவத்தை அறிக்கையிட்டுப் பழகியவன், பதின்மூன்றில் செய்ததையும் அதே இயந்திரக் குரலில்தான் சொல்வான். முதலில் உண்மையான வினையில் பேசப் பழகியவனுக்கு, வினை மாறும்போது மனமும் உறுத்தும்.

அந்தச் சிறுமியின் தாளில் என்ன எழுதியிருக்கலாம் என்று பிறகு பலமுறை யோசித்தேன். அவள் எழுதியதை அழித்திருக்க வேண்டியதில்லை. தாளில் வேறொரு இடத்தில், பாவப் பட்டியலுக்கு வெளியே, அதற்கு இடம் இருந்திருக்க வேண்டும்: ‘நான் ஆண்டவரிடம் சொல்ல விரும்புவது’ என்று ஒரு வரி. அங்கே அவள் தன் பென்சிலால் ‘அம்மா கூட்டிட்டுப் போகல, எனக்குப் போகணும்னு இருந்துச்சு’ என்று எழுதியிருப்பாள்.