சட்டகத்தின் எல்லை: வீட்டுத் திரையில் திரைப்படத்தின் மூல விகிதம்

திரைப்படத்தை ஒரு பனுவலாகக் கொண்டு ஆராயும் போக்குத் தமிழியல் துறைகளில் வேரூன்றிவிட்டது. கதைக்கூறு, உரையாடல், பாடல், பாலினம், அரசியல் எனப் பல கோணங்களில் ஆய்வேடுகள் வெளிவந்துள்ளன. ஆயின், ஆய்வாளர் பார்த்த படி எது, அதில் மூலப் படத்தின் சட்டகம் முழுமையாக உள்ளதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஒரு சொல்லின் பாடத்தை உறுதிசெய்யப் பல ஏடுகளை ஒப்புநோக்கிய உ.வே. சாமிநாதையரின் மரபுக்கு உரியோர் நாம். திரைப்படம் என்று வரும்போது மட்டும் கைக்குக் கிட்டிய விசிடியே மூலம் எனக் கொள்வது வியப்புக்குரியது. திரையரங்கிற்கு எடுக்கப்பட்ட படம் வீட்டுத் திரைக்கு வந்தபோது அதன் வடிவத்திற்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

படச்சட்டகத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் கிடைப்பது திரை விகிதம். 1932 முதல் ஹாலிவுட்டில் 1.37 என்பது பொது அளவாக அமைந்தது. பின்னர் வந்த தொலைக்காட்சியின் 4:3 அளவு (1.33) இதற்கு மிக அணுக்கமானது. ஆகவே, 'பராசக்தி' (1952) போன்ற படங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஏறத்தாழ முழுமையாக அடங்கின. சிக்கல், தொலைக்காட்சியோடு போட்டியிடத் திரையரங்குகள் அகன்றபோதே தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கிரெத்தியன் உருவாக்கிய, பக்கவாட்டில் உருவைச் சுருக்கிப் பதியும் வில்லையைக் கொண்டு, டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1953இல் 'தி ரோப்' படத்தைச் சினிமாஸ்கோப்பில் வெளியிட்டது. இந்தியாவில் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' (1959) இம்முறையில் வந்த முதற்படம். தமிழில் முதற்படம் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'ராஜராஜ சோழன்' (1973). நாளடைவில் 2.35 என நிலைபெற்ற இவ்விகிதம் 4:3 பெட்டிக்குள் எவ்வாறு அடங்கும்?

1961 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி, சனிக்கிழமை இரவுத் திரைப்பட வரிசையைச் சினிமாஸ்கோப் படமொன்றுடனேயே தொடங்கியது. அக்காலத்தில் வழக்கூன்றிய முறை 'பேன் அண்ட் ஸ்கேன்' எனப்படும். அகன்ற சட்டகத்துள் ஒரு சிறு சாளரத்தை வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தேவைப்படும்போது அச்சாளரத்தை இடம் வலமாக நகர்த்துவதே இதன் செயல்முறை. கணக்கிட்டுப் பார்த்தால் 2.35 சட்டகத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 57 விழுக்காடே. 43 விழுக்காடு மறைந்துவிடுகிறது. இழப்பு பரப்பளவோடு முடிவதில்லை. இரு பாத்திரங்கள் திரையின் இரு ஓரங்களில் நின்று உரையாடும் காட்சியில், ஒளிப்பதிவாளர் வெட்டாத இடத்தில் தொழில்நுட்பர் ஒரு வெட்டை உருவாக்குகிறார். அசையாத படக்கருவி அசைந்ததாகத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாத படத்தொகுப்பு பிறக்கிறது. இதனை இடைச்செருகல் என்றே கூற வேண்டும்.

'காகஸ் கே பூல்' இதற்குத் தக்க சான்று. வெறிச்சோடிய படப்பிடிப்புத் தளத்தில், மேலிருந்து இறங்கும் ஒளிக்கற்றையைச் சுற்றி இருவரும் விலகி நிற்கும் பாடற்காட்சிக்காக வி.கே. மூர்த்தி கண்ணாடிகளைக் கொண்டு சூரிய ஒளியைத் தளத்துக்குள் திருப்பினார். அங்கே பொருள் தருவது இருவருக்கும் இடைப்பட்ட இருளும் தொலைவுமே. சாளரம் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொலைவு காணாமற்போகும். பிரிவின் காட்சி, தனித்து நிற்கும் ஒரு முகத்தின் காட்சியாகிவிடும்.

மாற்று வழி எளிது: மேலும் கீழும் கரும்பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் காட்டலாம். 'மன்ஹாட்டன்' (1979) படத்தின் வீடியோ நாடா இவ்வாறே வெளிவர வேண்டும் என வூடி ஆலன் வற்புறுத்தினார்; அந்நாடாவில் பட்டைகள் சாம்பல் நிறத்தில் அமைந்தன. எனினும், பார்வையாளர் பலர் கரும்பட்டையை ஏமாற்றாகவே கருதினர். அவர்களை அறியாதோர் எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. நம் வட்டாரத்தில் வீடுதோறும் புழங்கிய விசிடியின் பால் முறைப் படத்தில் 288 கோடுகளே உண்டு. பட்டையிட்டால் 2.35 படத்திற்குக் கிடைப்பவை ஏறத்தாழ 163 கோடுகள். இருபது அங்குலப் பெட்டியில் அதனைக் கண்டவர் முகபாவத்தைத் தேடிச் சலித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. டிவிடியில் 576 கோடுகளும், 16:9 திரைக்கென உருவைச் சுருக்கிப் பதியும் வசதியும் வந்தபின், அதே படம் ஏறத்தாழ 436 கோடுகளைப் பெற்றது. முழுச் சட்டகத்தின் வெற்றிக்கு அழகியல் வாதத்தைவிட இந்த எண்ணிக்கையே பெரிதும் துணைநின்றது என்பது என் கருத்து.

சட்டத்தின் பார்வையும் நோக்கத்தக்கது. தாம் இயக்கிய 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர்' படத்தை 1991இல் டென்மார்க் அரசுத் தொலைக்காட்சி நறுக்கி ஒளிபரப்பியதை எதிர்த்து சிட்னி பொல்லாக் வழக்குத் தொடுத்தார். 1997இல் வந்த தீர்ப்பு, அவ்வாறு நறுக்கியது படைப்பைச் சிதைத்ததே என ஏற்றது. ஆயினும், நன்னம்பிக்கையுடன் படியைப் பெற்ற நிலையத்தைப் பொறுப்பாக்கவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பிரிவு 57இல் ஆசிரியருக்குச் சிதைவை எதிர்க்கும் உரிமையை வழங்குகிறது. ஆனால், அச்சட்டத்தின்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே. இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ தம் சட்டகத்திற்காக இப்பிரிவின்கீழ் வாதிட இடமில்லை. 

கூடுதலாகத் தெரிவதே மூலம் என்றும் கொள்ளலாகாது. 1.85 விகிதத்தில் திரையிடத் திட்டமிட்ட படங்கள் பல, 1.37 சட்டகத்தில் பதியப்பட்டுத் திரையரங்கில் மேலும் கீழும் மறைக்கப்பட்டன. மறைப்பை நீக்கி வெளியிட்ட நாடாக்களில் ஒலிவாங்கி தலைக்குமேல் தொங்குவதைக் காணலாம்.

வீட்டுத் திரையே 16:9 ஆனபின் சிக்கல் தலைகீழாயிற்று. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய 4:3 பகுதிகளை மேலும் கீழும் நறுக்கி வெளியிட்டது. மூன்று வகை பீர்களும் ஒரே குழாயிலிருந்து வருவதைக் காட்டும் நகைச்சுவையில் குழாயே மறைந்துபோயிற்று. இரசிகர்களின் எதிர்ப்புக்குப்பின் 2020 மே மாதத்தில் மூல வடிவம் மீண்டது. 4:3 படத்தை 16:9 திரை முழுவதும் நிரப்பினால் சரியாகக் கால்பங்கு போய்விடும். தமிழில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2012இல் 'கர்ணன்' மறுவெளியீடு பெற்ற வரவேற்பையடுத்துப் பழைய படங்கள் பல எண்மிய வடிவில் மீண்டும் வந்தன; சில சினிமாஸ்கோப் அளவுக்கு மாற்றப்பட்டு, அதுவே சிறப்பாகவும் விளம்பரப்படுத்தப்பட்டது. 1.37 சட்டகத்தை 2.35 ஆக நறுக்கினால் இழப்பு 42 விழுக்காடு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் பத்மினி முழு உருவமாக ஆடும் ஒரு காட்சிக்கு இவ்வாறு செய்வதாக எண்ணிப் பார்க்கலாம். அடவைக் காட்டினால் முகம் இராது. அபிநயத்தைக் காட்டினால் பாதம் இராது.

ஆய்வேட்டில் படத்தின் பெயரோடும் ஆண்டோடும், பயன்படுத்திய படியின் வகை, வெளியீட்டாண்டு, திரை விகிதம் ஆகியவற்றையும் குறிக்கும் வழக்கத்தை மாணவரிடம் வலியுறுத்துவது நலம். படியைச் சோதிக்கப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. சக்கரமோ முழுநிலவோ முட்டை வடிவில் தோன்றினால் உருவம் இழுக்கப்பட்டுள்ளது. எழுத்தோட்டத்தில் மட்டும் மாந்தர் ஒடுங்கி நெடிது நின்று, கதை தொடங்கியதும் இயல்பான பருமனுக்குத் திரும்பினால், பெயர்கள் வெட்டுப்படாதிருக்க அப்பகுதியை மட்டும் சுருக்கிவிட்டு எஞ்சியதை நறுக்கியுள்ளனர் என்று கொள்ளலாம்.