கன்ட்ரோலருக்குள் ஒரு வரலாறு

கல்வராயன் மலையில், கரியாலூரில் வாழும் என் தமக்கையின் மகன், விடுமுறை நாளொன்றில் பழுதுற்ற வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றை என்னிடம் கொணர்ந்தான். "மாமா, நான் தொடவே இல்லை, திரையில் ஆள் தானாக இடப்புறம் நடக்கிறான்" என்றான். பழுது பார்ப்போரைத் தேடிக் கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்க வேண்டும். புதியது வாங்கவோ பணம் வேண்டும். எனவே, வீட்டிலேயே திறந்து பார்க்கத் துணிந்தோம்.

திருகாணிகளைக் கழற்றி, முதற்கண் பேட்டரியின் இணைப்பை நீக்கினோம். கட்டைவிரலால் அசைக்கும் கோலின் அடியில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதன் பக்கத்து மூடியை நெம்பியதும், கருநிறக் கரிப்பாதையும் அதன்மேல் உராய்ந்து நகரும் உலோக நாக்கும் தோன்றின. பழைய வானொலிப் பெட்டியின் ஒலியளவுத் திருகினுள் இருந்ததும் இதுவேயன்றோ! நாக்கு நகர நகர மின்தடை மாறும். அம்மாற்றம் வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைத்தது. இங்கே ஆளை நடத்துகிறது.

இவ்வுறுப்பு விளையாட்டுக்கு வந்த கதை பழையது. 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைக் காணவரும் பொதுமக்களுக்காக, வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலாளர் அலைகாட்டியின் சிறு திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். ஆடுவோர் கையில் ஒரு பெட்டி, அதில் ஒரு திருகு, ஒரு பொத்தான், அவ்வளவே. ரால்ப் பேயர் உருவாக்கி, 1972இல் விற்பனைக்கு வந்த 'ஒடிசி'யும் திருகுகளையே கொண்டிருந்தது. 1977இல் அட்டாரியின் கோலும், 1982இல் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் அமைத்த சிலுவை வடிவப் பொத்தானும் வந்தன. இவ்விரண்டும் எத்திசை என்பதை அறியும். எவ்வளவு என்பதை அறியா. அதனை அறிதற்பொருட்டு, 1997இல் சோனியின் கன்ட்ரோலரில் கோலின் கீழ்க் கரிப்பாதை இடம்பெற்றது.

ஆனால், உராய்வதெல்லாம் தேயும். ஆல்கஹால் தோய்ந்த பஞ்சால் நாங்கள் அப்பாதையைத் துடைத்தோம். ஆள் அடங்கி நின்றான். பத்து நாளில் மீண்டும் நடக்கலானான். தூசியைத் துடைக்கலாம், தேய்ந்த கரியைத் துடைத்து மீட்க இயலாது. ஆகவே, அச்சிறு உறுப்பை மட்டும் வருவித்து, ஈயப்பற்று வைத்து மாற்றினோம். கடைசிப் பற்றைப் பையனே வைத்தான். ஆள் நின்ற இடத்திலேயே நின்றான்.

1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்தவிளைவைக் கொண்டு, உராயாமலே கோலின் நிலையை அறியலாம். 1998இல் சேகா நிறுவனம் அதனைக் கையாண்டது. எனினும், தேயும் வழியே பெருவழக்காயிற்று. உதிரி உறுப்பும் செய்முறைக் குறிப்பும் கிட்டாவிடில், ஒரு நாக்கின் தேய்வுக்காக முழுக் கருவியும் குப்பையாகும். 2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தமைக்கு இத்தகைய இழப்பே காரணம். கடைத்தெருவுக்குத் தொலைவிலுள்ள மலையூர்களுக்கு அவ்வுரிமை இன்னும் இன்றியமையாதது.

கழற்றிய பழைய உறுப்பைப் பையன் எறியவில்லை. மின்தடைப் பாடம் நடக்கும் நாளில் வகுப்பில் காட்டுவதற்கென்று எடுத்து வைத்திருக்கிறான்.